ஆச்சு என்ற பிறகு எடுத்த படங்கள்

எங்கள் எக்ஸ்ரே பிரிவில் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர் வைத்தது நான்தான். ஒரு நாளைக்கு எழுபது பேரிடமாவது "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ஆச்சு, விடுங்க" என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெயர் ஒட்டிக்கொண்டது. டாக்டர்கள்கூட மூச்சக்கா டியூட்டியில் இருக்கிறாளா என்றுதான் கேட்பார்கள். நான் அந்த அறைக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்து, டோக்கன் கொடுத்து, வரிசையில் முந்துகிறவர்களோடு மல்லுக்கட்டுகிறவள். எனக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கத் துணிந்ததில்லை, என் வாய் அப்படி.

விடுமுறை நாளில் அவள் தோளில் கேமரா தொங்கும். வேலையிலும் படம், வெளியிலும் படமா, உனக்கு அலுக்காதா என்று கேலி செய்வேன். சிரித்துவிட்டுப் போவாள். அவளுக்குப் படம் எடுக்கத் தெரியும், படம் காட்டத் தெரியாது. அவள் சேர்ந்திருந்த புகைப்படக் குழுவில் மற்றவர்கள் எல்லாம் சூரியன் மறைவதையும் பறவை மீன் கொத்துவதையும் எடுத்து வந்து அடுக்குவார்கள். இவளும் முதல் இரண்டு வருடம் சூரியனைத் துரத்தினாள். பிறகு விட்டுவிட்டாள். அது தன்னாலேயே அழகாக இருக்கிறது, அதற்கு நான் எதற்கு என்பது அவள் கேள்வி.

அவளுக்கென்று ஒரு வழி பிறந்தது எக்ஸ்ரே அறையில்தான். ஆச்சு என்று சொன்ன அடுத்த நொடியில் மனிதர்களின் முகம் மாறுவதை அவள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அதையே கேமராவிலும் செய்தாள். ஆளை உட்காரவைப்பாள். அவர்கள் தலையைக் கோதி, முதுகை நிமிர்த்தி, சிரிப்பார்கள். ஒரு க்ளிக். "ஆச்சு" என்பாள். கேமராவை நெஞ்சு வரைக்கும் இறக்குவாள். ஆச்சு என்றதும் தோள் தளரும், சிரிப்பு கழன்றுவிடும், கண் தன் பாட்டுக்கு எங்கோ போகும். அப்போது இறக்கிய இடத்திலிருந்தே, குனிந்து பார்க்காமல், இன்னொரு க்ளிக். முதல் படம் அவர்களுக்கு. இரண்டாவதுதான் அவளுடையது.

திருட்டு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயே இரண்டையும் காட்டி, ரெண்டாவதை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பாள். வேண்டாம் என்றால் அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடுவாள். அப்படி நல்ல நல்ல படங்களை அழித்ததை நானே பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

குழு வருடத்துக்கு ஒருமுறை நூலக மாடியில் கண்காட்சி வைக்கும். எல்லாருக்கும் ஒன்றிரண்டு படம், ஒரே ஒருவருக்கு மட்டும் முழுச் சுவர். ஒன்பது வருடம் காத்திருந்த பிறகு அந்தச் சுவர் இவளுக்குக் கிடைத்தது. பன்னிரண்டு படங்கள். ஒருமுறை சுவர் வாங்கியவருக்கு மறுபடி கொடுப்பதில்லை. நான்கு மாதம் சாப்பாட்டு இடைவேளையில் என் மேஜைமேல் சின்னச் சின்னப் பிரதிகளைப் பரப்பி மாற்றி மாற்றி வைத்தாள். சோறு ஆறிப்போகும். இந்த முகத்துக்குப் பக்கத்தில் அந்த முகம் வந்தால் இரண்டும் பேசிக்கொள்ளவில்லையே என்பாள். கலர் வேண்டாம், சட்டையின் சிவப்பு முகத்தைத் தின்றுவிடுகிறது என்று எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினாள்.

அந்தப் பன்னிரண்டு பேரும் தெரிந்தவர்கள்தான். அவள் வீட்டுக்காரர், பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர், கன்னத்தில் கைவைத்து ஒன்றையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் கடை வைத்திருக்கும் அவளுடைய அக்கா, மிஷின் சக்கரத்தில் கையை வைத்தபடி, கடைக்குள் யாரோ சத்தம் போட்டதுபோல முகம் சுருங்கி இருந்தாள். அதைப் பார்த்த அன்று அந்த அக்கா கேமராவை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். பிறகு, "அது நான்தான்டி, இருக்கட்டும்" என்றாள். நானும் ஒருத்தி. என் படத்தில் வாய் லேசாகத் திறந்து, வீட்டுக்குப் போகப் பிடிக்காதவள் மாதிரி இருந்தேன். தாராளமா போட்டுக்க என்று பெரிய மனுஷித்தனமாகச் சொன்னேன்.

கண்காட்சிக்கு முந்தைய வாரம் இன்னொரு டெக்னீஷியன் லீவு போட்டுவிட்டான். இரண்டு ஷிப்டும் இவள் தலையில் விழுந்தது. பிரின்ட் போட்டு, ஃபிரேம் செய்து, மாட்டுவதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்காரர் முன்வந்தார். பென் டிரைவில் இரண்டு ஃபோல்டர் இருந்தன, முதல், இரண்டு என்று பெயர் போட்டு. இரண்டுதான், இரண்டுதான் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். என் புருஷன் ஒரு பல்பு மாற்ற ஒரு மாதம் எடுப்பார், நீ கொடுத்துவைத்தவள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு. டியூட்டி முடிந்து நேராக வந்தாள். நான் மாடிப்படிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். கடைசிப் படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரில் பன்னிரண்டு பேரும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தோம். கலரில். எல்லார் முகத்திலும் எவ்வளவு சந்தோஷம் என்று யாரோ பாராட்டிக்கொண்டே எங்களைக் கடந்து போனார்.

வீட்டுக்காரர் ஓடி வந்து, ஃபோல்டர் மாறிப்போய்விட்டது, பிரின்ட் போடும் லேபில் குழப்பிவிட்டார்கள் என்றார். அவள் அதை நம்பத்தான் பார்த்தாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், எப்படியாவது நம்பிவிட வேண்டும் என்பதுபோல. பக்கத்தில் நின்ற அக்காவால்தான் தாங்க முடியவில்லை. தன் சம்பந்தி வீட்டார் கண்காட்சி பார்க்க வருகிறார்கள், இப்படி அழுமூஞ்சியாகத் தொங்கினால் என்ன நினைப்பார்கள் என்று தான்தான் தங்கையின் புருஷனிடம் சொன்னதாக ஒத்துக்கொண்டாள். அவருக்கும் தன் படம் பிடிக்கவில்லை. உடனே அவர் மற்றவர்களுக்கும் போன் போட்டிருக்கிறார். ஒருவர் விடாமல், சிரிக்கிற படத்தையே போடுங்கள், அவளிடம் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

"உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றார் அவர். "ரெண்டையும் எடுத்தது நீதானே? உன் பேருதானே போட்டிருக்கு?"

"எடுக்கறத யாரு வேணாலும் எடுக்கலாங்க. நான் பொறுக்கி எடுத்தேன் பாருங்க, அதுதான் என்னோடது."

அந்த மனிதரைப் பிடித்து நாலு கேள்வி கேட்க என் நாக்கு துறுதுறுத்தது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது? அவர் போன் செய்தவர்களில் நானும் உண்டு. செவ்வாய்க்கிழமை மதியம், அவள் உள்ளே யாருக்கோ நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினேன். முகத்துக்கு நேரே தாராளமாகச் சரி என்றவள், முதுகுக்குப் பின்னால் வேண்டாம் என்றேன். என் மாமியார் அந்த முகத்தைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்ற பயம் ஒன்றுதான் காரணம்.

அவள் கத்தவில்லை. சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் படத்தின் முன் நின்றாள்.

"உனக்குமா போன் பண்ணாரு?"

"ம்."

"நாலு மாசம் உன் மேஜையிலதான வெச்சுப் பாத்தேன். வேணாம்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் சுவரோரம் போய்த் தன் பெயர் எழுதிய அட்டையை உரித்தெடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஏழு நாளும் அந்தச் சுவர் பெயரில்லாமல் இருந்தது. பார்வையாளர் நோட்டில் பாராட்டு குவிந்தது. பார்த்ததிலேயே சிறந்த சுவர் என்று குழுச் செயலாளர் நிறைவு விழாவில் சொன்னார். கைதட்டியவர்களில் நாங்கள் பன்னிரண்டு பேரும் இருந்தோம்.

விழா முடிந்த மறுநாள் அவள் என் மேஜைக்கு வந்து கேமராத் திரையை என் பக்கம் திருப்பினாள். வீட்டுக்குப் போகப் பிடிக்காத அந்த முகம். வேண்டாம் என்றாய் இல்லையா என்று கேட்டுவிட்டு, என் கண் முன்னாலேயே அழித்தாள். கம்ப்யூட்டரிலும் அழித்தாயிற்று என்றாள். அந்த வாரத்துக்குள் மற்ற பதினோரு பேரிடமும் நேரில் போய் அதையே செய்தாள். வீட்டுக்காரருடையதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து அழித்தாளாம். நான்கு மாதமும் போயிற்று, ஒன்பது வருடமும் போயிற்று. இருக்கட்டுமே என்று அப்போதுகூட நான் சொல்லவில்லை. மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் என்மீது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பேச்சுவார்த்தை நிற்கவில்லை. சேர்ந்துதான் சாப்பிடுகிறோம், என் கேலிக்குச் சிரிக்கவும் செய்கிறாள். அக்கா கடைக்குப் போகிறாள், புருஷனுக்குச் சட்டை இஸ்திரி போடுகிறாள். கேமராவும் தோளில் தொங்குகிறது, தெரியாத தெருக்களில் தெரியாதவர்களை எடுக்கிறாள்.

போன மாதம் பாஸ்போர்ட்டுக்கு எனக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. சும்மா ஒரு சுவரோரம் நிற்கவைத்து எடுத்துக் கொடேன் என்று கேட்டேன். அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்.

"எதிர்ல ஸ்டுடியோ இருக்கு. உனக்குப் பிடிக்கிற மாதிரி எடுப்பாங்க."