எனக்குத் தெரியாத இங்கிலீஷ்

எங்கள் வீட்டில் ரகசியங்களை இங்கிலீஷில்தான் பேசுவார்கள். சித்தூரில் அதற்கு வேறு வழியில்லை. தமிழில் பேசினால் வீட்டில் இருக்கிறவர்களுக்கெல்லாம் புரியும். தெலுங்கில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் புரியும். நைனாவும் அம்மாவும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மறைக்க வேண்டிய சங்கதி எது வந்தாலும், குரலைக்கூடத் தாழ்த்தாமல், பேசிக்கொண்டிருக்கும்போதே இங்கிலீஷுக்கு மாறிவிடுவார்கள். குரலைத் தாழ்த்தாததுதான் அவர்கள் செய்த பிழை.

நான் இங்கிலீஷ் படித்த வரிசையை எழுதினால் இப்படி வரும். முதலில் தின்பண்டங்கள்: எது எந்த டப்பாவில், அந்த டப்பா எந்த அலமாரியில். அடுத்து வியாதிகள்: எங்கள் சர்ச் சபையில் யாருக்கு என்ன, அதில் எதை வெளியே சொல்லக்கூடாது. மூன்றாவது, என் அத்தையின் வீட்டுக்காரர். அவர் ஒருவரைப் பற்றிய பேச்சிலேயே மனிதர்களின் குணத்தைக் குறிக்கும் இங்கிலீஷ் வார்த்தைகள் பெரும்பாலும் எனக்கு வந்துவிட்டன. பள்ளிக்கூடத்துப் பாடத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் ஒரு மார்க் போகும். வீட்டில் விட்டுப்போனால் அல்வா போகும். ஆகவே எதில் அதிக அக்கறை காட்டினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. புரிகிறது என்று முகத்தில் தெரியக்கூடாது. தெரிந்தால் அன்றோடு பள்ளி மூடிவிடும். இங்கிலீஷ் காதில் விழுந்த உடனே முகம் தானாகக் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகிவிட்டது.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் நைனா என்னைக் கோர்ட்டுக்குப் பக்கத்திலிருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்தார். "காது கேக்கணும், வெரலு அடிக்கணும், மூள சும்மா கெடக்கணும்" என்பதுதான் அங்கே மாஸ்டரின் முழு உபதேசம். லோயர், ஹையர் இரண்டும் தேறி, ஒரு வருஷம் வக்கீல்களின் மனுக்களை அடித்தேன். பிறகு திருப்பதியில் ஒரு காலேஜுக்கு இன்டர்மீடியட் வகுப்பில் சேர விண்ணப்பம் போட்டேன். பள்ளியில் மற்ற பாடங்களையெல்லாம் தமிழில் படித்தவள், நடுவில் ஒரு வருஷம் படிப்பை விட்டவள் என்பதால், வகுப்பைப் பின்தொடரும் அளவுக்கு இங்கிலீஷ் இருக்கிறதா என்று முதலில் ஒரு பரீட்சை வைப்போம், அதில் தேறினால் இடம் என்று பதில் வந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது நைனா இங்கிலீஷுக்கு மாறினார். நாயுடுபேட்டையில் ஒரு பையன், அரிசி மில்லில் வேலை, அவர்கள் நம் பெண்ணைக் கேட்கிறார்கள். பரீட்சையில் தேறினால் இரண்டு வருஷம் படிக்கட்டும். தேறாவிட்டால் திரும்பி வந்த அன்று சாயங்காலமே சம்மதம் எழுதிப்போட்டு விடுவோம். அவளுக்குத் தெரியுமா என்று அம்மா இங்கிலீஷில் கேட்டாள். பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்றார் நைனா. அதன்பின் அம்மா தமிழுக்குத் திரும்பி, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று என்னைக் கேட்டாள். ஊற்றச் சொன்னேன்.

பரீட்சைக்கு நைனாதான் துணைக்கு வந்தார். காலை ரயில் பாகாலா ஜங்ஷனில் வழக்கம்போல் நின்று யோசித்தது. நைனா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, "துன்னுமே. காலி வயித்துல இங்கிலீஷ் வராது" என்றார். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நாலில் மூன்றை அவரே சாப்பிட்டார். நல்ல மனிதர். நாயுடுபேட்டையைப் பற்றி மட்டும் அவர் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

முதல் பகுதி டிக்டேஷன். யுத்தக் காலத்துக் காகிதப் பஞ்சத்தில், பழைய கேள்வித்தாள்களின் பின்புறத்தில் எழுதச் சொன்னார்கள். ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் முதலில் என் விரல்கள் மேஜைமேல் அதை அடித்துப் பார்க்கும், பிறகுதான் பேனா எழுதும். காலேஜின் இங்கிலீஷ் லெக்சரர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். நெற்றியில் திருமண், மேலே கோட்டு, திருப்பதிக்காரர்.

"என்னம்மா, மிருதங்கமா வாசிக்கறே?" என்றார்.

டைப்ரைட்டிங் பழக்கம் என்றேன். என் தாளை எடுத்துப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. அது எனக்கு எதிராகவே போயிற்று. டைப் அடிக்கிறவர்களுக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் பகுதி நேர்ப்பேச்சு. ஆபீஸ் அறையில் லெக்சரரும், பெண்களைப் பரீட்சிப்பதற்காக அழைக்கப்பட்டிருந்த ஒரு தலைமை ஆசிரியை அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் தெலுங்குக்காரர். மூலையில் ஒரு டைப்ரைட்டர் உறை போட்டு நின்றது. சித்தூரிலிருந்து எப்படி வந்தாய் என்று லெக்சரர் இங்கிலீஷில் கேட்டார்.

என் முகம் கதவைச் சாத்திக்கொண்டது.

கேள்வி புரிந்தது. பதிலும் தயாராக இருந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து யாருக்கும் நான் இங்கிலீஷில் பதில் சொன்னதில்லை. புரியாததுபோல் இருப்பதில்தான் எனக்குப் பயிற்சி. அவர் மறுபடியும் நிதானமாக, உரத்த குரலில் கேட்டார். குரல் உயர்ந்தால் முகம் இன்னும் ஜாக்கிரதையாகிவிடும். தாழ்ப்பாளும் விழுந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னைப் பற்றிப் பேச வேண்டும். தமிழில் பேசினால் எனக்குப் புரியும், தெலுங்கிலும் புரியும். ஆகவே நைனாவும் அம்மாவும் செய்வதையே அவர்களும் செய்தார்கள்.

பயந்திருக்கிறாள், பழகின மிஷினில் உட்கார வைத்துப் பார்க்கலாம் என்று அந்த அம்மாள் இங்கிலீஷில் யோசனை சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, "அங்க போயி கூர்ச்சோம்மா. இந்த ரூம்ல என்னா பேச்சு கேக்குதோ, அதெல்லாம் அடி. நான் சாலு சொல்ற வரைக்கும் நிறுத்தாதே" என்றார்.

உறையை எடுத்துத் தாளைச் செருகினேன். அம்மாள் பத்திரிகையிலிருந்து நாலு வரி படித்தார், அடித்தேன். ஐந்தாவது வரிக்கு முன் லெக்சரர் குறுக்கிட்டார். அவருக்குப் பதில் சொல்லப் போன அம்மாள், சாலு, அதாவது போதும், என்று சொல்ல மறந்துவிட்டார். நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.

டிக்டேஷன் என்பது காதின் வேலை, புத்தியின் வேலை அல்ல என்றார் லெக்சரர். கேட்பதைச் சரியாகக் கேட்பதே பாதிப் படிப்பு என்றார் அம்மாள். இந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, கேள்வி கேட்டால் விளக்குக் கம்பம்போல் நிற்கிறாள் என்றார் அவர். அதற்கு அம்மாள் பதில் சொல்வதற்குள், சேர்த்தாலும் பாதியில் கல்யாணம் என்று போய்விடுவார்கள், இடம் வீண் என்று அடுத்ததற்குப் போய்விட்டார். பையன்களும்தான் யுத்த ஆபீஸ் வேலை கிடைத்தால் பாதியில் ஓடுகிறார்கள் என்றார் அம்மாள். பேச்சுவாக்கில் லெக்சரர், நம் பிரின்சிபால் எழுதும் இங்கிலீஷைப் புரிந்துகொள்ளவே இரண்டு ஆள் வேண்டும் என்றும் சொன்னார். அம்மாள் சிரித்தார். இடையில், இந்த மிஷின் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று லெக்சரர் சலித்துக்கொண்டார். அதையும் அடித்தேன்.

பேச்சு ஓய்ந்தது. சாலு மட்டும் வரவில்லை. சும்மா கிடக்க வேண்டிய என் மூளை அப்போது எழுந்து உட்கார்ந்தது. உருளையைக் கொஞ்சம் சுற்றி, இடம் விட்டு, நம்பர் போட்டு, இங்கிலீஷிலேயே அடித்தேன்.

ஒன்று, ஐயாவின் ஆட்சேபங்கள் மூன்று. இரண்டு, அவற்றில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் அம்மையார் பதில் தந்துவிட்டார். மூன்று, இடையில் உள்ளதற்கு யாரும் பதில் தரவில்லை. விளக்குக் கம்பமே தருகிறது: நான் காலை ரயிலில் பாகாலா வழியாக, தகப்பனாருடனும் நாலு இட்லியுடனும் வந்தேன், மூன்றை அவர் சாப்பிட்டார். நான்கு, இன்று நான் தேறாவிட்டால் சாயங்காலமே நாயுடுபேட்டைக்குக் கல்யாணச் சம்மதக் கடிதம் போகும். பெண்கள் கல்யாணத்துக்குப் போய்விடுவதுதான் ஐயாவின் கவலை என்றால், என்னைச் சேர்த்துக்கொள்வது அதற்கு மருந்து. ஐந்து, பிரின்சிபாலைப் பற்றிய வரியைக் கேட்டபடியே அடித்திருக்கிறேன். எடுத்துவிட வேண்டுமானால் சொல்லவும்.

தாளை உருவி அம்மாளிடம் கொடுத்தேன். அவர் பாதி படித்ததும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தாளை லெக்சரரிடம் நீட்டினார். அவர் நின்றபடி ஒரு தடவையும், உட்கார்ந்து ஒரு தடவையும் படித்தார். இதில் எழுதியிருப்பது உனக்குப் புரிகிறதா என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார்.

புரிகிறது சார், பிரின்சிபால் வரி இல்லாமல் ஒரு நல்ல காப்பி எடுக்கட்டுமா என்றேன். இங்கிலீஷில் என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அது. குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

"காப்பியெல்லாம் வேண்டாம்மா. முதல்ல அந்த மிஷினை விட்டு எழுந்துண்டு வா" என்றார் லெக்சரர்.

"சாலு" என்றார் அம்மாள்.

வெளியே வேப்பமரத்தடியில் நைனா நின்றிருந்தார். அம்மாளே வந்து, பெண் தேறிவிட்டாள், ஜூலையில் வகுப்பு என்று சொன்னார். நைனாவுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் இங்கிலீஷுக்கு மாறி, நாயுடுபேட்டைக்காரர்களுக்கு மனம் நோகாமல் எழுத வேண்டும், பெண்ணுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது என்று அம்மாளிடம் விளக்கத் தொடங்கினார்.

நானே டைப் அடித்துத் தருகிறேன் நைனா, கார்பன் வைத்து, என்று இங்கிலீஷில் சொன்னேன்.

ரயிலில் பாகாலா வரும் வரை அவர் விரல் மடக்கிக்கொண்டே வந்தார். வருஷக்கணக்கில் சொன்னதையெல்லாம் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. அவருக்கு முகத்தைச் சாத்தத் தெரியாது.

"அல்வா டப்பா?" என்றார் கடைசியில்.

"தெரியும் நைனா."

"உங்க அத்த வூட்டுக்காரரு சமாச்சாரம்?"

"அதுவும்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எம் பல்லு?" என்றார்.

"கீழ் வரிசை மட்டும்தான கட்னது."

வண்டி கிளம்பியது. நைனா என் பக்கம் குனிந்து, "அம்மாகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. ராவுக்கு நானே பக்குவமா இங்கிலீஷ்ல சொல்லிக்கிறேன்" என்றார்.