ஊதச் சொன்ன மருந்து

மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டுப் பள்ளிக்கு நான் தமிழாசிரியனாக வந்த இரண்டாம் வருடம், மலைக்குளிர் என் மனைவியின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. ஒரு வாக்கியம் பேசி முடிக்க அவளுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. அடிவாரத்து டாக்டர், இரண்டு மருந்து சேர்ந்த இன்ஹேலரைக் கொடுத்து, "காலையும் சாயங்காலமும் ரெண்டு தடவை ஊதுங்க" என்றார். ஊதினாள். கண்ணை மூடிக்கொண்டு, பக்தியோடு ஊதினாள். இழுப்பு குறையவில்லை. சமவெளிக்கு மாற்றல் கேட்பதா என்று நான் தவித்தேன். அவளோ மலையை விட்டு வரமாட்டேன் என்றாள்.

ஒரு நாள் ஊருக்கு வந்த நர்ஸம்மா அவள் ஊதுவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்கக்கா, அடுப்பா ஊதறீங்க? மருந்து பூராவும் ஊட்டுச் செவுத்துக்குத்தான் போகுது. மூச்ச வெளிய உட்டுட்டு, அமுக்கறப்ப மெதுவா உள்ள இழுங்க சாமி. இழுத்து அடக்கிக்கங்க."

ஊது என்றால் ஊதுவதுதானே என்று நம்பியிருந்தோம், அதுவும் ஒரு தமிழாசிரியன் வீட்டில்! இழுப்புக்கு மருந்து இழுப்பதுதான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அன்றிலிருந்து அவள் மருந்தெடுக்கும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து, நானும் அவளோடு மூச்சை இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கிக்கொண்டேன். இருவர் கன்னமும் உப்பியிருக்கும். முதலில் சிரித்துவிடுவது நான்தான்.

சில வாரங்கள் கழித்து, மாற்றல் கேட்டு மனு எழுதட்டுமா என்று கேட்டேன்.

"உங்களுக்குப் போகோணும்னா போங்க, என்னைச் சாக்கு வெக்காதீங்க, இந்த ஊர்ல எனக்கென்ன கொறைச்சலுன்னு இப்பப் பொட்டி கட்டறீங்க?"

ஒரே மூச்சில் திட்டினாள். இன்னும் கொஞ்சம் திட்டு என்றேன்.