எட்டு விரல்களுக்குப் பூசிய சாயம்

மருத்துவக் கல்லூரிக்குத் தானமாக வரும் உடல்களைப் பதிவு செய்யும் எழுத்தர் அவள். அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் முட்டுக்கட்டை. ஒரு கையெழுத்து குறைந்தாலும் வண்டியை வாசலிலேயே நிறுத்திவிடுவாள். டீனே வந்து நின்றாலும் மசிய மாட்டாள். அவள் மேஜைக்கு எதிரே தண்டனைப் பிரிவு கண்ணாடி போட்டுத் தொங்கியது. பொய்ப் படிவத்தில் உடலை ஒப்படைத்தால் ஏழாண்டுச் சிறை. தெரிந்தே வாங்கியவருக்கும் அதேதான்.

அன்று காலை உடலைக் கொண்டுவந்தவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். இறுதிச் சடங்கு நிறுவனம் நடத்துகிறவர். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவரும் அவர்தான்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. சட்டுனு போட்டுக் குடு."

காகிதங்களில் குறையே இல்லை. ஐம்பது வயதுப் பெண். உறவினர் யாருமில்லை என்றிருந்தது. மணிக்கட்டில் எண் அட்டை கட்டத் துணியை விலக்கியவள் அப்படியே நின்றாள். நகங்களில் புதுச் சிவப்புச் சாயம். பூசியவருக்குக் கை நடுங்கியிருக்க வேண்டும், தோலெல்லாம் வழிந்திருந்தது. இடது கையில் கடைசி இரண்டு விரல்களுக்கு மட்டும் சாயம் இல்லை. நாதியற்றவருக்கு இதையெல்லாம் யார் செய்வார்கள்? காகிதத்தை இழைத்து இழைத்துச் செய்த மனுஷர் விரல்களைப் பார்க்க மறந்துவிட்டார்.

"நிஜமாவே யாருமில்லையா அத்தான்?"

"யாருமில்லம்மா. பாவம்."

சொல்லும்போது அவர் ஜன்னலைப் பார்த்தார். அவள் பேனாவை மூடிவைத்தாள்.

"விசாரிக்காம பதிய மாட்டேன். உடம்பு இங்கயே இருக்கட்டும்."

இறப்புச் சான்றிதழில் இருந்த முகவரிக்கு அவளே போனாள். கதவைத் திறந்தது இறந்தவரின் மகள். அலமாரியில் ஒரு சாம்பல் கலசம் இருந்தது.

"நேத்துதான் எரிச்சாங்க. பெட்டிய மூடிட்டு எங்கள வெளிய அனுப்பிட்டாங்க," என்றாள் மகள். "அதுக்கு முன்னாடி நான்தான் நகத்துக்குப் பூசிவிட்டேன். அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். எட்டு விரலோட பாட்டில் தீந்துபோச்சு. அந்த ரெண்டு விரல நெனச்சாத்தான் மனசு ஆறல."

குடும்பத்திடம் ஒரு கூலி, கல்லூரியிடம் ஒரு கூலி. அத்தானின் கணக்கு இப்போது விளங்கியது.

"உங்க அம்மாவ எரிக்கலம்மா. என்கூட வாங்க."

வழியில், அத்தான் சொல்லி விஷயமறிந்த அக்கா போனில் கதறினாள். "உள்ள போயிடுவாருடி. உனக்கு ஃபீஸ் கட்டுனவருடி."

"தெரியும்க்கா. எத்தன வருஷம்னும் தெரியும்." அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் அடுத்த போன் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனது.

கல்லூரிக்கு வந்த ஆய்வாளர் புகாரை எழுதிக்கொண்டார். "குற்றவாளி உங்களுக்கு ஏதாவது உறவா?"

"அக்கா வீட்டுக்காரர். அதையும் எழுதிக்குங்க."

மகள் வழியில் ஒரு புதுச் சாய பாட்டில் வாங்கியிருந்தாள். சாட்சிக்காக விரல்களைப் படமெடுத்து முடியும்வரை முட்டுக்கட்டை அவளைக் கிட்டே விடவில்லை. ஆய்வாளர் தலையசைத்ததும், "இப்பப் பூசுங்க," என்றாள். மகளின் கை இன்றும் நடுங்கியது. முட்டுக்கட்டை குளிர்ந்துபோன அந்த இரண்டு விரல்களையும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.