படகு நிறையும் வரை

போன வருடம், ஆடி போய் ஆவணி பிறந்த சமயம். மேட்டூர் அணை நிரம்பி, எங்கள் தருமபுரி மாவட்டத்து நாகமரைத் துறை வரைக்கும் தண்ணீர் ஏறி நின்றது. என் ஒரே அக்காவைக் கட்டிக்கொடுத்தது அக்கரை பண்ணவாடியில். மேட்டூர் சுற்றி பஸ்ஸில் போனால் பாதி நாள் ஓடிவிடும். படகில் ஏறினால் அரை மணிகூட ஆகாது.

அன்று காலை அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, ஆஸ்பத்திரியில இனிமே வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னுட்டாங்க. அம்மா உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்குது." போட்டது போட்டபடி கிளம்பினேன்.

துறையில் படகு நின்றது, ஏறத்தான் ஆளில்லை. நிறைந்தால்தான் எடுப்பார்கள். ஆனால் சாவு வீட்டுக்கோ, உயிர் ஊசலாடுகிறவரைப் பார்க்கவோ போகிறவர் என்றால், ஒற்றை ஆளாக இருந்தாலும் உடனே எடுத்துவிடுவார்கள். அதற்காகத்தான் வருகிற எல்லோரிடமும் படகுக்காரர் விஷயம் கேட்பார். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

என்னையும் கேட்டார். "அக்கரையில என்னங்க சோலி?"

நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அது சாவுக்குப் போகிற படகாகிவிடும். உயிரோடு இருக்கிறவளை என் வாயாலேயே அனுப்பிவைப்பதா என்று மனசு பதறியது. "ஒண்ணுமில்லைங்க, சும்மா அக்காளப் பாத்துட்டு வரலாம்னு" என்றேன். சிரிக்க வேறு செய்தேன், பாழாய்ப்போன சிரிப்பு.

ஒரு பைக் வந்தது. வெகு நேரம் கழித்து ஆட்டுக்குட்டியோடு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். சீக்கிரம் ஏறக்கூடாதா என்று அவர்கள்மேல் எரிந்து விழுந்தேன். இன்னும் ரெண்டு பேர் வரட்டும் என்று படகுக்காரர் பீடி பற்றவைத்தார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

ஒருவழியாகக் கிளம்பி நடு ஆற்றில் போகும்போது போன் அடித்தது. எடுத்ததும் அக்கா மகள் அழுதாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்ததும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. படகுக்காரர் என்ஜினை முழுசாக முடுக்கினார். கரையில் கைபிடித்து இறக்கிவிட்டவர், "அப்பவே சொல்லியிருந்தா ஒத்த ஆளாவே கூட்டியாந்திருப்பனேம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

படகு வந்துடுச்சா, படகு வந்துடுச்சா என்று அக்கா கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாளாம். அதைக் கேட்டதும் பாவி நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா மகளைப் பார்க்க இப்போதும் அந்தப் படகில்தான் போகிறேன். எவ்வளவு நேரமானாலும் நிறையும் வரை பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அக்கரையில் எனக்காக இனி ஒரு அவசரமும் இல்லை என்பதுதான் ஒவ்வொரு தடவையும் நெஞ்சை அறுக்கிறது.