மஞ்சள் மீனுக்கு ஆமாம் போட்டவர்

ஆமாஞ்சாமிக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலோடு சரி. அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் வாசல் காவலாளி முதல் தட்டச்சு அம்மாள் வரை எல்லோருக்கும் அவர் ஆமாஞ்சாமிதான். காதில் விழுந்தாலும் கோபப்பட மாட்டார். கோபம் வருவதற்கு முதுகெலும்பு என்று ஒன்று வேண்டுமே. மேனேஜர் குளிர்கிறது என்றால் இவர் சட்டைக் காலரை இழுத்து மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் புழுங்குகிறது என்றால் அதே காலரைத் தளர்த்தி விசிறிக்கொள்வார். கல்யாணமான புதிதில் மனைவி ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் சமைத்துப் பரிமாறினாள்.

“எப்படி இருக்கு?”

“பிரமாதம்.”

அதற்குப் பிறகு அவள் அவரிடம் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவர் கண்காணிப்பாளர் நாற்காலிக்கு ஆசைப்பட்டார். அதில் இருந்தவர் ஓய்வு பெறப் போகிறார். அடுத்தது யார் என்று கைகாட்ட வேண்டியவர் மேனேஜர். மேனேஜரின் அறையில் கடல்நீர் நிரப்பிய ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. அதற்கென்று மேனேஜர் ஒரு மீன் வாங்கி வந்தார். உடம்பு முழுக்க எலுமிச்சை மஞ்சள், கண்ணைச் சுற்றி நீலக் கோடு. “இது லெமன் ஏஞ்சல்” என்று அன்றே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

“பார்த்த உடனே தெரியுதே சார்” என்றார் ஆமாஞ்சாமி. அதுவரை சாப்பாட்டுத் தட்டைத் தவிர வேறெங்கும் அவர் மீனை உற்றுப் பார்த்ததில்லை. இரை போடும் வேலையையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

சில மாதம் போனது. மீனின் வால் பக்கம் லேசாக அழுக்குப் படிந்த மாதிரி ஒரு பழுப்பு. தட்டச்சு அம்மாள்தான் முதலில் கேட்டாள். “என்ன சார், மீன் கறுக்குது?”

“விளக்கு வெளிச்சம்மா அது” என்றார் மேனேஜர்.

“விளக்கேதான்” என்றார் ஆமாஞ்சாமி. மறுநாள் புது விளக்கு மாட்டினார். புது விளக்கில் பழுப்பு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

மேனேஜர் பயிற்சிக்காக வெளியூர் போனார். அவர் இல்லாத நேரம் பார்த்து மீன் பாதி உடம்பு பழுப்பாகிவிட்டது. வேறு யாராயிருந்தாலும், மேனேஜர் வந்ததும் “சார், நிறம் மாறுது, என்னன்னு பாருங்க” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். ஆமாஞ்சாமியின் புத்தி அப்படி நேராகப் போகுமா? மேனேஜரின் வாக்கு பொய்யாகக் கூடாது. மீனை ஒரு பிளாஸ்டிக் வாளியில் அள்ளிக்கொண்டு கடைக்கு ஓடினார்.

மீன்கடைக்காரர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். “இது ஏஞ்சலே இல்லையே சார். சர்ஜன்னு வேற ஒரு ஜாதி மீனோட குட்டி. ஏஞ்சலுக்குக் கன்னத்துல முள்ளு இருக்கும், பெரிய மீனுங்க கிட்ட வராது. அதனால இது சின்ன வயசுல ஏஞ்சல் மாதிரி வேஷம் போடும். வளர்ந்துட்டா வேஷத்தைக் கலைச்சுடும். விக்கும்போதே உங்க மேனேஜர்கிட்ட சொன்னேன், அவர் காதுலயே வாங்கல.”

“அவர் ஏஞ்சல்னு சொல்லிட்டாரே.”

“அதுக்கு மீன் என்ன சார் பண்ணும்?”

நல்ல கேள்வி. ஆனால் யாரிடம் கேட்கிறார் பாருங்கள். வேஷத்தைக் கலைத்த மீனைக் கடையிலேயே தள்ளிவிட்டு, அசல் ஏஞ்சல் ஒன்றை வாளியில் போட்டுக்கொண்டு திரும்பினார் ஆமாஞ்சாமி.

ஊரிலிருந்து வந்த மேனேஜர் தொட்டியைப் பார்த்துப் பூரித்துப்போனார். “நான்தான் சொன்னேன்ல, விளக்குன்னு?”

“நீங்க சொல்லி எது சார் தப்பாப் போச்சு?”

மேனேஜர் அவர் தோளைத் தட்டினார். அன்றைக்கே ஆமாஞ்சாமி கண்காணிப்பாளர் நாற்காலியின் பக்கமாகப் போய் அதன் மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தார். வெட்கங்கெட்ட ஜென்மம்.

அடுத்த வாரம் மேனேஜர் துள்ளிக்கொண்டு வந்தார். மீன் வளர்க்கும் சிநேகிதர் ஒருவருக்கு மீனின் பழைய படத்தை அனுப்பியிருந்தாராம். கன்னத்தில் முள் இல்லை, அது சர்ஜன் குட்டி, சீக்கிரமே நிறம் மாறும், வளர்ப்பவர்கள் அதைப் பார்க்கவே தவம் கிடப்பார்கள் என்று பதில் வந்ததாம். “எனக்கு ஆரம்பத்துல இருந்தே சந்தேகம்தான்” என்றார்.

“உங்க கண்ணுலயே தெரிஞ்சுது சார்.”

“அவரே நேர்ல வர்றேன்னுட்டார். பல் டாக்டர். தொழில் பல்லு, உயிர் மீனு.”

ஆமாஞ்சாமி மதியமே கடைக்குப் பறந்தார்.

“அந்த மீனா? மறுநாளே போயிடுச்சே சார். ஒரு பல் டாக்டர் வந்தார், நிறம் மாறுற சமயத்துல கிடைக்கிறது அபூர்வம்னு கொத்திக்கிட்டுப் போயிட்டார்.”



டாக்டர் வரும் நாளில் ஆமாஞ்சாமி தொட்டி விளக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பழுது என்று சொன்னார். டாக்டர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து வெளிச்சம் அடித்தார். குனிந்து பார்த்தார். மஞ்சள் மீன் கன்னத்து முள்ளோடு கம்பீரமாகத் திரும்பியது.

“இது அசல் ஏஞ்சல்ப்பா. படத்துல பார்த்த மீன் இது இல்ல. இங்க பாரு, என் வீட்டுல இருக்கிறதை.” கைபேசியை நீட்டினார். பாதி மஞ்சள், பாதி பழுப்பு. முதுகுத் துடுப்பில் ஒரு சின்ன வெட்டு.

அந்த வெட்டு மேனேஜருக்குத் தெரியும். மீனை முதன்முதலில் தொட்டியில் விடும்போது மூடியில் உரசிக் கிழிந்தது, அவர் கையாலேயே. மெல்ல ஆமாஞ்சாமியின் பக்கம் திரும்பினார்.

“இது என் மீன்தானே?”

“ஆமாங்க சார்.”

“அப்ப தொட்டியில இருக்கிறது?”

ஆமாம் என்று சொல்லித் தப்ப முடியாத கேள்வி. ஆமாஞ்சாமி திருதிருவென்று விழித்தார். “நீங்க ஏஞ்சல்னு சொன்னீங்க சார்... அதான்... ஏஞ்சலாவே...”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜைமேல் இருந்த தாளை எடுத்தார். ஓய்வு பெறுபவரை வாழ்த்திப் பேச அவர் எழுதி வைத்திருந்த உரை.

“நேத்து இதைப் படிச்சுக் காட்டினப்ப கண்ணு கலங்குதுன்னீங்களே?”

“இப்பவும் கலங்குது சார்.”

கலங்கியது என்னவோ உண்மைதான். மேனேஜர் அந்தத் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தன்னை அறிவாளி என்று சொன்ன ஒரே வாய் இதுதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

“அந்த சீட்டுக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். உங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா, நான் குழியில விழுந்தாலும் அழகா விழுந்தீங்க சார்னுதான் சொல்லுவீங்க.”

ஆமாஞ்சாமியின் முகம் வெளுத்தது. ஆனாலும் பழகின வாய் சும்மா இருக்குமா?

“நல்ல முடிவு சார்” என்றார்.