கடைசியில் போட்ட பூட்டு

இப்போது நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டீர்கள். அதற்கு நான் உத்தரவாதம்.

இன்று காலை அஸ்தினாபுரத்திலிருந்து நண்பன் சேவியர் போனில் அழுத அழுகையில் ஜிஎஸ்டி ரோடு முழங்கால் வரை மூழ்கியது. அவன் நடத்தும் கல்யாண வரன் தளத்தில், பெண்களின் போட்டோ ஃபோல்டர் பாஸ்வேர்டு கேட்காமல் ஊருக்கே திறந்து கிடக்கிறதாம். ஒரு பெண்ணின் அப்பா ஆபீஸுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாராம்.

தாம்பரத்தில் பஸ் ஏறி, ஒற்றைக் காலில் ஒரு யுகம் நின்று, போய்ச் சேர்ந்தேன்.

"பூட்டித்தாண்ணா வெச்சிருக்கேன்! சர்வருக்கு விதி எழுதற கான்ஃபிக் ஃபைல்ல கடைசியா எழுதினேன். கடைசியா சொல்றவங்க பேச்சுதானே நிக்கும்?"

"அது உங்க வீட்ல. சர்வர் நீ எழுதின வரிசைய பாக்காது. ஃபோல்டருக்கான டைரக்டரி பகுதிய முதல்ல எடுத்துக்கும். வெப் அட்ரஸுக்கான லொகேஷன் பகுதிய அப்புறம்தான் அதுக்கு மேல ஒட்டும். உன் பூட்டு டைரக்டரியில இருக்கு. ஃபைல்ல அதுக்கு முன்னாடியே லொகேஷன்ல 'எல்லாரும் வரலாம்'னு எழுதினது எந்த மகராசன்?"

சேவியர் ஃபேனைப் பார்த்தான். "டெஸ்ட் பண்ண... நான்தாண்ணா."

அந்த லொகேஷன் பகுதியை எடுத்துவிட்டு சர்வரை மறுபடி கிளப்பினேன். பெண்ணின் அப்பா தானே மவுஸைப் பிடித்து போட்டோ ஃபோல்டரை அழுத்தினார்.

"என்ன சார், பெத்த அப்பன் என்கிட்டயே பாஸ்வேர்டு கேக்குது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

டெஸ்டுக்குத் திறந்துவிட்டு மூட மறந்த மகராசன்கள் கீழே கை தூக்கலாம்.

வெள்ளம் பொய், யுகம் பொய். அந்தச் சிரிப்பு மட்டும் நிஜம்.