நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

நேற்று என் காரின் பழைய ரேடியேட்டரைக் கழற்றிவைத்த மெக்கானிக் பாஷா பாய், இன்று காலை புதியதை மாட்ட வந்தார். இன்று ஆயுத பூஜை முடிந்ததும் அம்மாவை ஓசூரில் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன்.

ரேடியேட்டர் உட்காராமல் ஆடியது.

"கீழ இது உக்கார ரெண்டு ரப்பர் புஷ் வேணும் சார். புதுசோட வராது, பழசுலேர்ந்து எடுத்துப் போடணும். பழசு எங்க?"

பூஜைக்கு வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று நேற்று மாலையே அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன்.

"அய்யோ சார். இன்னிக்கு ஸ்பேர்ஸ் கடை ஒண்ணும் தொறக்க மாட்டாங்க."

பட்டுப்புடவையில் பையோடு நின்ற அம்மா, "உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு" என்று உள்ளே போய்விட்டாள்.

காருக்கு மாலை போட்டாயிற்று. நான்கு சக்கரத்தின் முன்னும் அம்மா வைத்த எலுமிச்சம்பழங்கள் அப்படியே இருக்கின்றன.

ஜூஸ் போட்டால் சாமி குத்தமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.